ஆறு விரிப்புகளும் பதினைந்து மணித்தியாலமும்

இந்தப் பத்தியை வெளியிடுவதால் நாற்பதாண்டு கால நண்பர் ஒருவரை நான் இழக்க நேரிடலாம். எழுதப் போகிறேன் என்று அவருக்கு முற்கூட்டியே அறிவித்துவிட்டேன். பதில் வரவில்லை. அவருடைய பெயரை இங்கே சொல்லப் போவதில்லை; அது அவசியமுமில்லை. அவர் செய்ததைச் செய்யாதவர் நம்மில் எத்தனை பேர் என்பதே என் கேள்வி. நானும் செய்திருக்கிறேன் என்பதையும் தொடக்கத்திலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

விடயம் மிகச் சிறியது. ஆறு துணி விரிப்புகள். சாப்பாட்டு மேசையில் ஒவ்வொருவருடைய பீங்கானுக்கும் கீழே விரிப்பார்களே, ஆங்கிலேயர் பிளேஸ்மற் என்று சொல்வார்களே, அது. நமக்கு அதற்கென ஒரு பெயர் இல்லை. வாழையிலையில் உண்டவர்களுக்கு இலைக்கடியில் விரிப்பு எதற்கு? ஆயினும் இன்று ரொறன்ரோவிலும் இலண்டனிலும் மெல்பேணிலும் வாழும் நம்மவர் வீடுகளில் நத்தாருக்கும் புதுவருடத்துக்கும் பொங்கலுக்கும் மேசை போடுகிறார்கள். அதன்மேல் விரிப்பும் போடுகிறார்கள். அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. பீங்கான் விரிப்பு என்றே இங்கு எழுதுகிறேன்.

2025 ஒக்ரோபரில் நண்பர் ரொறன்ரோவிலிருந்து ஒரு திருமணத்துக்காக யாழ்ப்பாணம் வந்திருந்தார். கத்தோலிக்கர். அந்த ஆண்டு நத்தார் விருந்து அவருடைய வீட்டில். பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் எல்லோரும் வருவார்கள். மேசையில் “எங்கட ஊர்க் கைவேலை” இருக்க வேண்டும் என்பது அவருடைய துணைவியாரின் விருப்பம். முகப்பில் மருதமுனைக் கைத்தறித் துணி, பின்புறம் பருத்தி, இரண்டுக்கும் நடுவே வெப்பம் தாங்க ஒரு தடித்த துணி, சுற்றிவரச் சிவப்புக் கரை, ஒரு மூலையில் கையால் தைத்த பனைமரம். இப்படி ஆறு. நல்ல இரசனை. நானும் மனமாரப் பாராட்டினேன்.

வலிகாமத்தில் எனக்குத் தெரிந்த ஒரு தையற்காரப் பெண்ணிடம் நானே அவரை அழைத்துச் சென்றேன். 2009இல் கணவனை இழந்து, இரண்டு பிள்ளைகளைத் தனியாக வளர்த்தவர். கைச்சுத்தமான தையல். நண்பர் தமக்கு வேண்டியதை விவரித்தார். அவர் ஒரு பழைய கொப்பியை எடுத்துக் கணக்குப் பார்த்துவிட்டு, துணியும் சேர்த்து ஆறுக்கும் 4,500 ரூபா என்றார். நண்பர் சிரித்தார்.

“என்ன தங்கச்சி, ஆறு துண்டுத் துணிக்கு நாலாயிரத்து ஐந்நூறோ? யூரியூப்பில பாத்தால் அரை மணித்தியாலத்தில தைச்சுப் போடுகினம்.”

பேரம் பத்து நிமிடம் நடந்தது. மூவாயிரத்தில் முடிந்தது. வாசலைத் தாண்டி வெளியே வந்ததும் நண்பர் என் தோளில் தட்டி, “பாத்தியே, கேட்டால் குறைப்பினம்” என்றார். 1,500 ரூபாவை மிச்சம் பிடித்திருந்தார். அன்றைய நாணய மாற்றில் ஏறத்தாழ 7 கனடிய டொலர்.

அந்தப் பத்து நிமிடமும் நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. நண்பரைச் சங்கடப்படுத்தக் கூடாது என்ற நாகரிகம். பேசாமல் நின்றபோது என் கண் அங்கிருந்த தையல் இயந்திரத்தின்மீது விழுந்தது. அதன் பலகையில் வெள்ளை எழுத்தில் ஒரு நன்கொடையாளர் அமைப்பின் பெயரும் 2011 என்ற ஆண்டும் பாதி அழிந்த நிலையில் தெரிந்தன. அந்த இயந்திரங்களை வழங்கிய நிகழ்வுக்குச் செய்தியாளனாகச் சென்றிருந்தவன் நான்.

அக்காலத்தில் வாரத்துக்கு ஒன்றாவது இத்தகைய செய்தி என் மேசைக்கு வரும். மேடை, மாலை, மங்கள விளக்கு. வரிசையாக இருபது தையல் இயந்திரங்கள். அவற்றின் பின்னால் வரிசையாக இருபது பெண்கள். யாரோ ஒரு பிரமுகர் இயந்திரத்தின் ஒரு பக்கத்தைத் தொட, மறு பக்கத்தை அந்தப் பெண் தொட, புகைப்படம். 2010இல் மகளிர் விவகாரத்துக்குப் பொறுப்பான பிரதி அமைச்சர் வடக்கிலும் கிழக்கிலும் 89,000 விதவைகள் இருப்பதாகத் தெரிவித்தார். அத்தனை பேருக்கும் நாம் கண்டுபிடித்த மருந்து மூன்று: கோழி, ஆடு, தையல் இயந்திரம். “பயனாளிகளுக்கு வாழ்வாதார உதவி” என்று தலைப்பிட்டு எத்தனை செய்தி எழுதியிருப்பேன் என்று எண்ணிப் பார்க்க எனக்கே கூச்சமாக இருக்கிறது.

அந்தச் செய்திகளில் ஒன்றிலேனும் நான் கேட்கத் தவறிய கேள்வி ஒன்று உண்டு. இவர்கள் தைப்பதை யார் வாங்குவார்கள், என்ன விலைக்கு? ஒரே கிராமத்தில் இருபது பெண்களுக்கு இயந்திரம் கொடுத்தோம். போர் முடிந்து ஏ9 வீதி திறந்தபின் கொழும்பிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் ஆயத்த ஆடைகள் வந்து குவிந்தன. பாவாடையும் சட்டையும் தைத்துப் பிழைக்கலாம் என்று நம்பியவர்களுக்குக் கிடைத்தது கிழிசல் தைப்பதும் பள்ளிச் சீருடைக்கு மடிப்பு இறக்குவதும்தான். துணி வாங்க முதல் இல்லாதவர்கள் நுண்கடன் வாங்கினார்கள். அந்தக் கடன் அவர்களை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பது ஊரறிந்த கதை. வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களின் பெண்கள் பெற்ற நுண்கடன்களில் ஒரு பகுதியை அரசே பொறுப்பேற்க 2018இல் முடிவெடுக்க வேண்டியிருந்தது. இயந்திரத்தைக் கொடுத்தவர்களும் அதைச் செய்தியாக்கிய என்னைப் போன்றவர்களும் அதற்குள் வேறு வேலைக்குப் போய்விட்டோம்.

ஆக, வாழ்வாதாரம் என்று நாம் மேடையில் கொடுத்த இயந்திரத்தில் தைத்த பொருளை வாங்கவென்று ஒருவர் வந்தார். கடல் கடந்து, ஆசையோடு, ஊர்க் கைவேலைதான் வேண்டும் என்று வந்தார். பதினான்கு ஆண்டுகளுக்கு முன் கேட்டிருக்க வேண்டிய கேள்விக்கு விடை வீட்டு வாசலில் வந்து நின்றது. விலையைக் கேட்டதும் சிரித்தது.

“அரை மணித்தியாலம்” என்ற சொல் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. என் துணைவியார் மனைப்பொருளியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். நண்பர் கேட்ட அதே அளவில், அதே வேலைப்பாட்டோடு ஆறு விரிப்புகள் தைத்துத் தரும்படி கேட்டேன். நான் பக்கத்தில் கதிரை போட்டு மணிக்கூடும் குறிப்புப் புத்தகமுமாக அமர்ந்தேன். தையலைப் பற்றிப் பேசும் ஆண்களில் பெரும்பாலோர் ஒருமுறையேனும் இப்படி அமர்ந்து பார்க்க வேண்டும் என்பது என் தாழ்மையான கருத்து.

விரிப்பின் முடிந்த அளவு 18 அங்குல நீளம், 12 அங்குல அகலம். முதலில் துணியை நனைத்துத் துவைத்துக் காயவைக்க வேண்டும். கைத்தறிப் பருத்தி முதல் துவையலில் சுருங்கும். துவைக்காமல் தைத்தால் முகப்பு ஒரு அளவாகவும் பின்புறம் இன்னொரு அளவாகவும் சுருங்கி விரிப்பு கோணிப்போகும். சிவப்புத் துணியைத் தனியாகத் துவைக்க வேண்டும். சாயம் விட்டால் நத்தார் மேசை முழுவதும் இளஞ்சிவப்பாகிவிடும். காயும் நேரத்தை நான் கணக்கில் சேர்க்கவில்லை. துவைத்து அயன் பண்ணிய வேலை மட்டும் 1 மணித்தியாலம் 10 நிமிடம்.

அடுத்தது வெட்டுதல். முகப்புக்கு ஆறு, பின்புறத்துக்கு ஆறு, நடுத்துணி ஆறு, மொத்தம் பதினெட்டுத் துண்டுகள். நெசவின் போக்கறிந்து வெட்ட வேண்டும். அதற்காக ஓரத்தில் ஒரு நூலை உருவி, அந்த வழியே கத்தரிக்கோலைச் செலுத்தினார். அளவுகோலை வைத்துக் கோடிழுத்தால் போதாதா என்று கேட்டேன். “கோடு நேராயிருக்கும், துணி நேராயிராது” என்று பதில் வந்தது. 1 மணித்தியாலம் 20 நிமிடம். நடுத்துணிக்கு மலிவான பொலியெஸ்ரர் பஞ்சைப் போடலாமே என்றும் கேட்டேன். சூடான பாத்திரத்தை வைத்தால் அது உருகி ஒட்டிக்கொள்ளும்; பருத்திதான் தாங்கும் என்றார்.

பிறகு மூன்று துணிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, பெருந்தையலிட்டு நகராமல் நிறுத்தி, இயந்திரத்தில் நேர்கோடுகளாகத் தைத்தார். இப்படித் தைக்காவிட்டால் உள்ளே இருக்கும் துணி முதல் துவையலிலேயே ஒரு பக்கமாகத் திரண்டுவிடும். 2 மணித்தியாலம் 15 நிமிடம். கரைக்கான சிவப்புப் பட்டிகளை வெட்டி, இணைத்து, மடித்து அழுத்த 40 நிமிடம். ஒரு விரிப்பின் சுற்றளவு 60 அங்குலம். மூலை மடிப்புக்கும் இணைப்புக்கும் சேர்த்தால் ஆறுக்கும் ஏறத்தாழ 10 மீற்றர் பட்டி வேண்டும். அதை விரிப்பின் ஓரத்தில் வைத்துத் தைக்கையில் ஒவ்வொரு மூலையிலும் இயந்திரத்தை நிறுத்தி, பட்டியைச் சரிவாக மடித்து, திருப்பி மீண்டும் தொடங்க வேண்டும். ஒரு விரிப்புக்கு நான்கு மூலை. ஆறுக்கு இருபத்து நான்கு. மூலை கூராக வந்தால்தான் அது நல்ல கைவேலை. 2 மணித்தியாலம் 10 நிமிடம்.

பட்டியைப் பின்புறம் திருப்பி, தையல் வெளியே தெரியாதபடி கையால் தைத்து முடிக்க 3 மணித்தியாலம். முப்பது அடி நீளக் கைத்தையல் அது. மூலைக்கொரு பனைமரம், ஒன்றுக்கு 40 நிமிடமாக 4 மணித்தியாலம். அடிமரத்துக்குச் சங்கிலித் தையல், ஓலைக்கு நெருக்கமான நீட்டுத் தையல். கடைசியாக நூல் நறுக்கி, மீண்டும் அயன் பண்ணி அடுக்க 30 நிமிடம்.

கூட்டிப் பாருங்கள். 15 மணித்தியாலம் 5 நிமிடம். என் துணைவியாருக்கு வயதாகிவிட்டது, கை மெதுவாக ஓடியிருக்கலாம் என்று நண்பர் வாதிடக்கூடும். அதனால் அந்தத் தையற்காரப் பெண்ணையே பிறகு கேட்டேன். நான்கு இரவு என்றார். பிள்ளைகள் சாப்பிட்டபின் எட்டு மணிக்கு உட்கார்ந்தால் பன்னிரண்டு வரை. அதுவும் அதே கணக்குத்தான்.

யூரியூப்பில் அரை மணித்தியாலத்தில் தைக்கிறார்களே என்றால், அதையும் பார்த்தேன். நான் பார்த்தவற்றில் துணி துவைத்து வெட்டி ஆயத்தமாக இருக்கிறது. தைப்பது ஒரேயொரு விரிப்பு. கரை கிடையாது, இரண்டு துணிகளை உட்புறமாக வைத்துத் தைத்துப் புரட்டிவிடுகிறார்கள். பனைமரமும் கிடையாது. அது பிழையென்று நான் சொல்லவில்லை. அமெரிக்காவிலும் கனடாவிலும் பல பெண்கள், சில ஆண்களும், தங்கள் வீட்டு நத்தார் மேசைக்குத் தாங்களே விரிப்புத் தைக்கிறார்கள். அது அவர்களுக்கு மகிழ்ச்சி. தன் வீட்டு மேசைக்குத் தைப்பவர் தன் நேரத்தைத் தன் பிள்ளைகளுக்குப் பரிசாகக் கொடுக்கிறார், அதற்கு விலையில்லை. ஆனால் பிறர் மேசைக்குத் தைப்பவர் தன் நேரத்தை விற்கிறார். முன்னவரின் இலவச நேரத்தை அளவுகோலாக எடுத்துப் பின்னவரின் கூலியைத் தீர்மானிப்பது எந்த நியாயம்? உங்கள் வீட்டில் நீங்கள் சமைப்பது இலவசம் என்பதற்காக உணவகத்தில் பணம் கொடுக்காமல் எழுந்து வருவீர்களா?

இனி ரூபாவுக்கு வருவோம். கைத்தறித் துணி 1¼ மீற்றர், பின்புறத்துக்குப் பருத்தி 1¼ மீற்றர், நடுத்துணி, அரை மீற்றருக்குச் சற்று மேல் சிவப்புத் துணி, நூல்கள். நாங்கள் வாங்கிய விலையில் எல்லாமாக 2,400 ரூபா. நண்பர் கொடுத்த 3,000 இல் இதைக் கழித்தால் மிச்சம் 600. பதினைந்து மணித்தியாலத்துக்கு 600 ரூபா. ஒரு மணித்தியாலத்துக்கு 40 ரூபா.

இந்நாட்டின் சட்டம் வகுத்த குறைந்தபட்ச நாட்சம்பளம் 2025 ஏப்ரலிலிருந்து 1,080 ரூபா. 2026 சனவரியிலிருந்து 1,200. பேரம் நடந்த நாளில் நடைமுறையில் இருந்த 1,080 ஐ எட்டு மணித்தியாலத்தால் வகுத்தால் மணித்தியாலத்துக்கு 135 ரூபா. பதினைந்து மணித்தியாலத்துக்கு 2,025. துணிச் செலவையும் கூட்டினால் 4,425. அந்தப் பெண் கேட்டது 4,500. அதாவது ஒரு தேர்ந்த கைவினைஞர், ஏதுமறியாத ஒரு புதுத் தொழிலாளிக்குச் சட்டம் கொடுக்கும் அடிமட்டக் கூலியைவிட 75 ரூபா மட்டுமே கூடுதலாகக் கேட்டார். மின்சாரத்துக்கும் ஊசிக்கும் இயந்திரத் தேய்மானத்துக்கும் அந்த 75 ரூபாதான். அதைத்தான் “ஏமாத்துகினம்” என்று நண்பர் திரும்பும் வழியில் சொன்னார்.

அந்தச் சட்டமும் அவரைக் காப்பாற்றாது என்பது வேறு விடயம். சட்டம் தொழில்கொள்வோனையும் தொழிலாளியையும் பற்றிப் பேசுகிறது. வீட்டிலிருந்து தைப்பவருக்குத் தொழில்கொள்வோன் யார்? நண்பரா, நானா, நத்தார் தாத்தாவா? வீட்டிலிருந்து உழைப்போரை மற்றத் தொழிலாளருக்கு ஒப்பாக நடத்த வேண்டும் என்று சர்வதேச தொழில் அமைப்பு 1996இல் 177ஆம் இலக்கச் சமவாயத்தை நிறைவேற்றியது. அதை ஏற்று உறுதிப்படுத்திய நாடுகள் மிகச் சில. இலங்கை அவற்றில் இல்லை. ஆதலால் அவருடைய கூலியை நிர்ணயிக்கும் சட்டம் இன்றைக்கு வாங்குபவரின் மனச்சாட்சி ஒன்றுதான். அதுவும் 40 ரூபாவில் நின்றுவிட்டது.

இந்த மனப்பாங்கு எங்கிருந்து வந்தது என்று தேடினால் வெளிநாட்டுக்குப் போக வேண்டியதில்லை. என் சொந்த வீட்டிலேயே விடை இருந்தது.

என் தாயார் நன்றாகத் தைப்பார். தவணை முறையில் வாங்கிய கை இயந்திரம் ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது. தையல் இயந்திரத்தைத் தவணைக்கு விற்கும் முறையை அமெரிக்காவில் 1850களிலேயே சிங்கர் நிறுவனம் தொடங்கிவிட்டது. 1877இல் அது இலங்கைக்கு வந்தது. அதற்கும் முன்பே, 1824இல் அமெரிக்க மிஷனரிகள் உடுவிலில் தொடங்கிய பெண்கள் விடுதிப் பாடசாலையில் எழுத்தோடு தையலும் கற்பித்தார்கள். பின்னர் அது யாழ்ப்பாணத்துக் குடும்பங்களில் கலியாணத் தகுதியாயிற்று. “பெண்ணுக்குத் தைக்கத் தெரியும், ரேந்தை பின்னத் தெரியும்” என்று தரகர் சொல்வார். தைத்து உழைப்பாள் என்று எந்தத் தரகரும் சொன்னதில்லை. அப்படிச் சொன்னால் சம்பந்தம் முறிந்துவிடும்.

தாயார் எங்கள் சட்டைகளைத் தைத்தார், தலையணை உறைகளைத் தைத்தார், அயலவருக்கும் தைத்துக் கொடுத்தார். ஒரு கணக்குக் கொப்பி வைத்திருந்தார். அவர் மறைந்தபின் அலுமாரியிலிருந்து அது என் கைக்கு வந்தது. துணி இத்தனை யார், இன்ன விலை. நூல் கட்டை, இன்ன விலை. பொத்தான், இன்ன விலை. சதம் பிசகாத கணக்கு. அக்கொப்பியின் எந்தப் பக்கத்திலும் கூலி என்றொரு நிரல் இல்லை. அயலவர் துணியும் நூலும் கொடுத்தார்கள். பொங்கலுக்கு ஒரு பெட்டி பலகாரமும் கொடுத்தார்கள். “அவ சும்மா இருக்கிற நேரத்தில தைக்கிறவ” என்று என் தந்தையார் பெருமையோடு சொல்வார். அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து இரவு பத்துக்குப் படுக்கும் ஒருவர் எப்போது சும்மா இருந்தார் என்று அவரை நான் கேட்டதில்லை. பத்திரிகையாளனாகி உலகத்தையெல்லாம் கேள்வி கேட்டவன், அதைக் கேட்கவில்லை.

நண்பர் மறந்ததும் அந்த ஒரு நிரலைத்தான். அவர் கொடியவர் அல்லர். கோயிலுக்கும் பாடசாலைக்கும் அள்ளிக் கொடுப்பவர். அந்தத் தையற்காரப் பெண்ணின் மகளுடைய படிப்புக்கு உதவி என்று கேட்டிருந்தால் 50,000 ரூபாவைத் தயங்காமல் எடுத்து நீட்டியிருப்பார். புகைப்படமும் கேட்டிருக்க மாட்டார். இதுதான் நம்மவரின் விசித்திரம். தானமாகக் கேட்டால் தாராளம். கூலியாகக் கேட்டால் கஞ்சத்தனம். தானம் கொடுக்கும்போது நாம் மேலே நிற்கிறோம். கூலி கொடுக்கும்போது சமமாக நிற்க வேண்டியிருக்கிறது. ஒரு விதவையோடு சமமாக நிற்பது நமக்கு இன்னும் பழகவில்லை.

இதற்குச் சொல்லப்படும் சமாதானங்களை நான் அறிவேன். அவற்றையும் பார்த்துவிடுவோம்.

கடையில் தொழிற்சாலை விரிப்பு இதைவிட மலிவு என்பார்கள். உண்மை. அப்படியானால் அதை வாங்குங்கள்; அதில் பாவமொன்றும் இல்லை. கைவேலைதான் வேண்டும், ஆனால் தொழிற்சாலை விலைக்கு வேண்டும் என்று கேட்பதுதான் பிழை. 1970களில் இறக்குமதித் தடை இருந்தபோது மருதமுனைத் தறிகள் இரவுபகலாக ஓடின. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டபின் வந்திறங்கிய மலிவுத் துணியோடு போட்டியிட முடியாமல் எத்தனையோ தறிகள் நின்றுபோயின. விலையில் இயந்திரத்தோடு போட்டியிடும்படி கையைக் கேட்டால் என்ன நடக்கும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. எஞ்சியிருக்கும் நெசவாளரின் துணியைத்தான் நண்பர் விரும்பிக் கேட்டார்.

நாங்களும் பனியில் கஷ்டப்பட்டுத்தானே உழைக்கிறோம் என்பார்கள். இதை நான் மதிக்கிறேன். ஆனால் ஐயா, மணித்தியாலத்துக்கு இவ்வளவு என்று சம்பளம் வாங்குபவர் நீங்கள். ஒரு மணித்தியாலத்தின் பெறுமதியை உங்களைவிட அறிந்தவர் எவர்? ஒன்ராறியோ மாகாணத்தில் 2025 ஒக்ரோபர் 1 முதல் குறைந்தபட்சச் சம்பளம் மணித்தியாலத்துக்கு 17.60 டொலர். பதினைந்து மணித்தியாலத்துக்கு 264 டொலர். அதை யாரும் உங்களிடம் கேட்கவில்லை. துணியும் சேர்த்து அந்தப் பெண் கேட்ட 4,500 ரூபா ஏறத்தாழ 20 டொலர்தான். உங்கள் மேலாளர் “இந்த வேலையை அரை மணித்தியாலத்தில் செய்கிறார்கள் என்று யூரியூப்பில் பார்த்தேன்” என்று கூறிச் சம்பளத்தில் மூன்றில் ஒன்றை வெட்டினால் தொழிற்சங்கத்துக்கு ஓடமாட்டீர்களா?

அவரே சம்மதித்துத்தானே குறைத்தார் என்பார்கள். ஆம், சம்மதித்தார். நத்தாருக்கும் தைப்பொங்கலுக்கும் முன் வீட்டில் காசு வேண்டியிருந்தது. 600 ரூபாவா, ஒன்றுமில்லையா என்ற இடத்தில் நிறுத்தப்பட்டவரின் சம்மதத்தைச் சம்மதம் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

டிசெம்பர் இறுதியில் நண்பர் முகநூலில் ஒரு படம் போட்டார். நீண்ட மேசை, மெழுகுவர்த்திகள், ஆறு பனைமரங்கள். பெரியவர்களுக்கு மட்டும் விரிப்பு. பேரப்பிள்ளைகள் கறி சிந்திவிடுவார்களாம். “எங்கள் மண்ணின் கைவண்ணம்” என்று எழுதியிருந்தார். கீழே பாராட்டுகள் குவிந்திருந்தன. எங்கே வாங்கலாம் என்றுகூடச் சிலர் கேட்டிருந்தார்கள். தைத்தவர் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. நண்பரும் சொல்லவில்லை.

அன்றுதான் இந்தக் கணக்கு முழுவதையும் எழுதி அவருக்கு அனுப்பினேன். மறுநாள் 1,500 ரூபாவை எடுத்துக்கொண்டு அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனேன். வாங்கி எண்ணினார். “இது அவர் தந்ததோ, நீங்கள் தாறியளோ?” என்று கேட்டார். நான்தான் என்றேன். காசை மடித்து என் கையிலேயே திரும்ப வைத்தார்.

“நீங்கள் ஏன் ஐயா தரவேணும்? நீங்கள் என்னட்ட ஒண்டும் தைக்கேல்லையே. அண்டைக்குப் பக்கத்தில நிண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் காணும்.”

நாற்பதாண்டு காலம் எழுதிச் சம்பாதித்த பெயரெல்லாம் அந்த வாசலில் எனக்கு உதவவில்லை.

ஆகவே இதை வாசிக்கும் உங்களிடம் சிலவற்றைக் கேட்கிறேன். அடுத்த நத்தாருக்கோ பொங்கலுக்கோ ஊரிலிருந்து கைவேலை வேண்டுமானால், டிசெம்பரில் அல்ல, ஆவணியிலேயே சொல்லுங்கள். இரவு பன்னிரண்டு மணிவரை ஒருவரை விழிக்க வைக்காதீர்கள். துணிக்கான காசை முற்பணமாகக் கொடுங்கள்; அவர் கடன் வாங்க வேண்டியதில்லை. விலை கேட்கும்போது எத்தனை மணித்தியாலம் செல்லும் என்றும் கேளுங்கள். அந்த எண்ணை 150 ஆல் பெருக்கிப் பாருங்கள். 2026இன் நாட்சம்பளம் 1,200 ஐ எட்டால் வகுத்தால் வருவது அதுதான். அவர் கேட்கும் விலை அதற்கும் குறைவாக இருந்தால், குறைவாகக் கேட்கிறீர்கள் என்று நீங்களே சொல்லுங்கள். மேசையின் படத்தைப் போடும்போது, அவர் விரும்பினால், தைத்தவரின் பெயரையும் ஊரையும் போடுங்கள். எங்கே வாங்கலாம் என்று கேட்பவர்களுக்கு அதுதான் விடை.

இவையொன்றும் இயலாதெனில் கடையில் பிளாஸ்ரிக் விரிப்பு இருக்கிறது. துடைப்பதும் சுலபம். அதை விரித்துக்கொண்டு, ஊர்க் கைவேலை என்ற பேச்சை மட்டும் விட்டுவிடுங்கள்.

நண்பரே, நீங்கள் இதை வாசிப்பீர்கள் என்று தெரியும். அவருடைய தொலைபேசி இலக்கம் உங்களிடம் இருக்கிறது. 1,500 ரூபா பாக்கி.